1928 பைன்டாப்பும் 2011இல் கிராமி வாங்கிய பைன்டாப்பும் ஒருவரா?

இல்லை, 'பைன்டாப்' என்ற ஒரே பட்டப்பெயர் கொண்ட இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பியானோ கலைஞர்கள். 1928 டிசம்பரில் 'பைன் டாப்ஸ் பூகி வூகி'யைப் பதிந்தவர் கிளாரன்ஸ் ஸ்மித். மூன்றே மாதத்தில், 1929 மார்ச்சில், சிகாகோவில் சுடப்பட்டு இறந்துவிட்டார். 2011இல், 97 வயதில் கிராமி வாங்கியவர் ஜோ வில்லி பெர்க்கின்ஸ்.

குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பாட்டுதான். பெர்க்கின்ஸ் அதை 1953இல் மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் பதிந்தார். பட்டப்பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. இசைச் செயலிகள் பெயரை மட்டும் பார்த்து இருவரையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடுகின்றன.

பிரிக்க இப்படிப் பாருங்கள்:

1. பதிவான ஆண்டைப் பாருங்கள், வெளியான ஆண்டை அல்ல. தொகுப்புகளில் 1928 பதிவுக்கும் 1990கள் என்று போட்டிருக்கலாம். 1929 மார்ச்சுக்கு முந்தியது ஸ்மித்.
2. பியானோ மட்டும், அதன் மேல் ஆட வருபவர்களுக்குக் கட்டளையிடும் பேச்சு, பின்னால் ஊசி உரசும் இரைச்சல் என்றால் ஸ்மித். எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் கேட்டால் அவர் இல்லவே இல்லை.

ஒரு எச்சரிக்கை: ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் ஆல்பங்களில் வரும் பியானோவை எல்லாம் பெர்க்கின்ஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 1960 நியூபோர்ட் இசைவிழா மேடைப்பதிவில் வாசிப்பவர் ஓட்டிஸ் ஸ்பான். ஸ்பான் மடி வாட்டர்ஸின் குழுவிலிருந்து விலகிய பிறகு, 1969 வாக்கில்தான் பெர்க்கின்ஸ் வந்தார், 1980 வரை இருந்தார். அவர் கையைத் தெளிவாகக் கேட்க மடி வாட்டர்ஸின் 1977 ஆல்பமான 'ஹார்ட் அகெய்ன்' போதும்.