பிள்ளையைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கிறோம். ‘அணி’ என்கிறார்களே, அது என்ன? பெற்றோருக்கு அதில் என்ன வேலை?

அணி என்பது ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட சிறு குழு. அதை நடத்துவது ஆசிரியர் அல்ல, அவர்களுள் ஒரு மூத்த பிள்ளை. 1907இல் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகத்தான் பிரித்தார்.

முப்பது பேர் கூட்டத்தில் கூச்சமுள்ள பிள்ளை பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும். எட்டுப் பேருக்குள் ஒளிய இடமில்லை. தண்ணீர் சுமப்பதோ கூடாரத்துக்கு முளை அடிப்பதோ, ஏதாவது ஒரு வேலை அதன் தலையில் விழுந்தே தீரும். பினாங்குக்காரர்கள் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தலை நினைத்துப் பாருங்கள். மோர் கலக்கவும் குவளை நீட்டவும் அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை. போன ஆண்டு நின்ற அண்ணன் இந்த ஆண்டு தம்பிக்குச் செய்து காட்டுகிறான். அணியிலும் அப்படித்தான்.

பெற்றோருக்கு வேலை குறைவு. பள்ளியின் சீருடை இயக்கப் பொறுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். சீருடை வயதுப் பிரிவுக்கேற்ப மாறும், அவரைக் கேட்டபின் வாங்குங்கள். முடிச்சுகளை மட்டும் நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள் (அம்மாக்களின் கை சும்மா இராது, தெரியும்). வலது முனை இடதின் மேல், பிறகு இடது முனை வலதின் மேல்: இந்தச் சதுர முடிச்சைப் பிள்ளை முதலில் தப்பாகப் போட்டு, இறுகியதைத் தானே பல்லால் கடித்து அவிழ்க்கட்டும்.

ராணுவப் பயிற்சியோ என்று சிலர் தயங்குகிறார்கள். அணிவகுப்பு உண்டுதான், ஆனால் பெரும்பாலான நேரம் விளையாட்டிலும் முடிச்சிலும் முகாம் சமையலிலுமே போகிறது.