புத்தகத்தை ஒப்பிக்கிறான், வாசிக்கத் தெரியவில்லை

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மகன் தரம் 3. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாகச் சொல்கிறான், ஆனால் பேப்பரில் ஒரு வரி காட்டினால் முழிக்கிறான். கோபத்தில் அடித்தும் விட்டேன். இப்போது புத்தகத்தைக் கண்டாலே அப்பாயி பின்னால் போய் ஒளிகிறான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன சொல்லிக்கொடுக்கத் தெரியும்? இப்போதே டவுனில் புலமைப்பரிசில் பரீட்சைக்கான டியூஷனுக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கவா?

பதில்: தங்கச்சி, டியூஷனை அப்புறம் பார்ப்போம், முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து பிள்ளை முழிப்பதைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அடிக்குப் பயந்த பிள்ளை எழுத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். அவன் நன்றாகச் சொல்லும் பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். வரியை முதலிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றான் என்றால், வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லச் சொல்லக் காதால் பிடித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு முழுப் புத்தகத்தை மனதில் வைத்திருக்கிற பிள்ளையை யாராவது மந்தம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, எங்கே சிக்கி நிற்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும், இதுதான் முக்கியம். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள், ஆனால் அடிப்படை 12 உயிரும் 18 மெய்யும்தான், மற்றதெல்லாம் இவை சேர்ந்து வருவது, ஆய்தம் ஒன்று தனி. படம், மரம், பட்டம் போல புள்ளியைத் தவிர வேறு குறி எதுவும் இல்லாத சொற்களைக் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். அதைச் சொல்லிவிட்டால் கால், காடு, கிளி, மீன். அதுவும் சரி என்றால் கொம்பு வரும் எழுத்துகள். அநேகமாக இங்கேதான் பிள்ளைகள் விழுகிறார்கள், ஏனென்றால் 'கெ', 'கே', 'கை' எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' இரண்டிலும் குறி இரண்டு பக்கமும். கு, து, பு என்று எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வால் ஒவ்வொரு மாதிரி. பெரியவர்களுக்குப் பழகிப்போனதால் இந்தக் கஷ்டம் தெரிவதில்லை. சிக்கிய இடம் தெரிந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டுப் பாடமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

எழுத்தைச் சொல்லும்போது 'மானா, ரானா' என்று பெயர் சொல்ல விடாதீர்கள். மானாவையும் ரானாவையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் மரம் வராது. ம... ர... ம்... என்று சத்தத்தை இழுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்து, மரம். அப்படி ஒரு பத்துச் சொல் தானாகவே ஒட்டிவிட்டான் என்றால் பிள்ளையின் முகமே மாறும்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போகிற வேலைக்கு அந்தப் படிப்பே போதும். பாடசாலை விட்டு வந்ததும் அவன் சொல்கிற ஏதாவது ஒரு விஷயத்தை, அவன் வாயில் வருகிறபடியே, ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். "இன்னைக்கு ஆத்தோரத்துல அட்டை கடிச்சிச்சு. அப்பாயி உப்பு வச்சாங்க." இவ்வளவுதான். எழுதியதை அவன் விரலை வைத்து வாசிக்கட்டும். தன் பேச்சு என்பதால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், பயம் இருக்காது. இதையும் ஒப்பித்துவிடுவானே என்று கேட்பீர்கள், அதனால்தான் மறுநாள் அந்த வரியைச் சொல் சொல்லாக வெட்டி, கலைத்துப் போட்டு, அவனையே அடுக்கச் சொல்ல வேண்டும். 'கடிச்சிச்சு' என்று எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்று யோசிக்காதீர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேசுகிற தமிழுக்கும் புத்தகத்தில் இருக்கிற தமிழுக்கும் நடுவில் தூரம் அதிகம், 'கடித்தது', 'வைத்தார்கள்' என்று யாரும் பேசிக் கேட்காத பிள்ளைக்கு எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. எழுத்து வசப்பட்டதும் அதே வரியைப் புத்தகத் தமிழில் கீழே எழுதி இரண்டையும் வாசிக்க வைக்கலாம். அப்பாயி சொல்கிற பழைய கதைகளையும் இப்படியே எழுதலாம், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கதை கேட்டு வளர்கிற பிள்ளைக்குச் சொல்வளம் அங்கிருந்துதான் வருகிறது.

நேரம் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். தேத்தண்ணி குடித்துவிட்டு இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து ஒரு வரியை நீங்கள் வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. தடுக்கினால் உடனே பாய வேண்டாம், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், வராவிட்டால் சொல்லைக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். ஒரே சிறு பகுதியை மூன்று நான்கு நாள் வாசித்தாலும் நல்லதுதான், வேகம் அப்படித்தான் வரும். வாசித்து முடித்ததும் "ஏன் அப்பாயி உப்பு வச்சாங்க?" என்று ஒரு கேள்வி. அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு வரி கேட்கட்டும், மார்க்ஸ் பற்றிய பேச்சு மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். டவுனுக்குப் போனால் பஸ் பலகையில் 'ஹட்டன்' எது, 'நோர்வூட்' எது, சவர்க்காரப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். புத்தகம் வாங்கக் காசு இல்லை என்று நிற்க வேண்டாம்.

பாடசாலைக்கும் போக வேண்டும், பெற்றோர் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல். ஒரு நாள் பேர், அதாவது வேலைக்கு வந்த பதிவு, போனால் சம்பளத்தில் வெட்டு விழும் என்று தெரியும், அதனால் காலையில் அப்பாயி போனாலும் சரி, நீங்கள் எழுதிய கொப்பியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது, ஒருவரே இரண்டு வகுப்பைப் பார்க்கிற இடமும் உண்டு, அதனால் குற்றம் சொல்கிற மாதிரிப் போக வேண்டாம். எந்த எழுத்தில் சிக்குகிறான் என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளையோடு சோடியாக உட்கார வைக்க முடியுமா, கதைப் புத்தகம் ஒன்றை வாரக்கடைசியில் வீட்டுக்குத் தருவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கிழிந்துவிடும் என்று புத்தகங்களை அலுமாரியில் பூட்டி வைக்கிற வழக்கம் எனக்கு உண்மையிலேயே வேதனையைத் தருகிறது. பிள்ளைகள் கை பட்டுக் கிழிந்தால் கிழியட்டும், அதற்குத்தானே அச்சடித்தது. லயத்தில் இன்னும் நான்கு தாய்மார் சேர்ந்து கேட்டால் அதிபரும் யோசிப்பார்.

கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறானா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா என்றும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் அரச வைத்தியசாலையில் காட்டிவிடுங்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5இல்தான், அந்த வகுப்புகளில் மாதிரி வினாத்தாள் செய்விப்பார்கள், கேள்வியையே வாசிக்க முடியாத பிள்ளை அங்கே இன்னும் பின்னால் போய் ஒளியும். அந்தக் காசில் இரண்டு கொப்பியும் ஒரு தடித்த பேனாவும் வாங்குங்கள். ஒரு தவணை முழுக்க விடாமல் செய்தும் குறி இல்லாத சொற்களே ஒட்டவில்லை என்றால், அந்தக் கொப்பியோடு வகுப்பாசிரியரிடம் போய் விசேட கல்வி ஆசிரியர் ஒருவரிடம் காட்ட வழி செய்யச் சொல்லிக் கேளுங்கள், எனக்கும் திரும்ப எழுதுங்கள்.