டெஸ்ட் வரிசையைக் குலுக்கினால் என்ன ஆகும்? – கேள்வி பதில்

தானியங்கி டெஸ்டுகளின் வரிசை, சீட் (குலுக்கலைத் தீர்மானிக்கும் தொடக்க எண்), ஃப்ளேக்கி டெஸ்ட் (கோடு மாறாமலே ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் ஆவது) பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, ஆரம்பிக்கலாம்.

புதுவரவு: அக்கா, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்டுகளை எதற்குக் குலுக்க வேண்டும்?

ஒழுங்காக ஓடுகிறதா, வரிசையின் தயவில் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். இரண்டு டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பண்டிகைத் தள்ளுபடி ஃப்ளாகை (கோடிலுள்ள ஆன்-ஆஃப் சுவிட்சை) ஆன் செய்து சோதித்துவிட்டு, ஆஃப் செய்யாமல் போய்விடுகிறது. இன்னொன்று, ஃப்ளாக் ஆஃபில் இருக்கும் என்று நம்பி பில் தொகையைச் சரிபார்க்கிறது. பில் டெஸ்ட் முதலில் ஓடும்வரை எல்லாம் பச்சை. ஒருநாள் யாரோ ஃபைல் பெயரை மாற்றுகிறார், வரிசை புரள்கிறது, பில் டெஸ்ட் விழுகிறது. பெயரை மாற்றியவர் தலையில் பழி.

ஆய்வுக் கட்டுரைகளில் முதல் டெஸ்டை ‘பொல்யூட்டர்’ என்றும் இரண்டாவதை ‘விக்டிம்’ என்றும் சொல்வார்கள். நான் குப்பை போட்டவர், வழுக்கி விழுந்தவர் என்பேன். குலுக்கிய வரிசையில் குப்பை போட்டவர் முன்னால் வர வாய்ப்பு சரிபாதி. பத்து முறை வெவ்வேறாகக் குலுக்கியும் மாட்டாமல் தப்ப வாய்ப்பு 1,024-இல் ஒன்று. நடுவில் வந்தால் ஃப்ளாகைத் தற்செயலாக ஆஃப் செய்துவிடும் மூன்றாவது டெஸ்ட் ஒன்று இருந்தால், ஒவ்வொரு முறையும் மாட்டும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். அப்போதும் மோசமில்லை.

தலைகீழ் வகையும் உண்டு. முன்னால் ஓடிய டெஸ்ட் ஏதோ தயார் செய்து வைத்திருக்கும், அதன் தோளில் ஏறிப் பின்னது பாஸ் ஆகும். தனியாக ஓடவிட்டால் விழும். குலுக்கல் இதையும் காட்டிவிடும்.

மலைப்பாம்பு: எந்தக் கருவியைப் போடலாம்?

பைத்தான் என்றால் பைடெஸ்ட்-ரேண்டம்லி. நிறுவினாலே வேலையை ஆரம்பித்துவிடும், ஓட்டத்தின் தலைப்பிலேயே சீட் எண்ணை அச்சிடும். அந்த எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை. மாட்யூல்களை (டெஸ்ட் ஃபைல்களை) குலுக்கி, பிறகு அவற்றுக்குள் இருப்பதைக் குலுக்கும். அதனால் ஒரு மாட்யூலின் டெஸ்டுகள் ஒன்றாகவே இருக்கும், மொத்தக் கட்டையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைக்காது. கோ மொழியில் 1.17 முதல், ஜாங்கோவில் 4.0 முதல் ஷஃபிள் உள்ளேயே இருக்கிறது. ஆர்ஸ்பெக், ஜேயூனிட் 5 இரண்டிலும் உண்டு. ரூபியின் மினிடெஸ்ட் கேட்காமலே குலுக்கும். அதை நிறுத்த நீங்கள் அழைக்க வேண்டிய மெத்தடின் பெயரே ‘நான் மட்டம், என் டெஸ்டுகள் வரிசையை நம்பியிருக்கின்றன’ என்கிற அர்த்தத்தில் இருக்கும். அதைக் கோடில் எழுதக் கூச்சப்பட்டே பலர் டெஸ்டைத் திருத்திவிடுவார்கள்.

எந்தக் கருவியானாலும் ஒன்று: விழுந்த ஓட்டத்தை மறுபடி ஓட்டும் ரீரன் பட்டனை அழுத்தும் முன் சீடைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமைதி விரும்பி: சீட் 42 என்று நிலையாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

குலுக்கலும் தீர்ந்தது. அகர வரிசைக்குப் பதிலாக 42-ஆம் வரிசை, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை: தினமும் புது சீட் போட்டால், என்றாவது எல்லா வரிசையும் வந்துவிடுமா?

வராது, வரவும் வேண்டாம். 13 டெஸ்டை 622 கோடி விதமாக அடுக்கலாம். 32 பிட் சீடில் இருப்பதே 429 கோடி எண்கள்தான். நமக்கு வேண்டியது இன்னாருக்கு முன் இன்னார் என்ற ஜோடிகள். அவை சில ஓட்டங்களிலேயே பெரும்பாலும் புரண்டுவிடும்.

தலைவலி: அதே சீட் கொடுத்தும் என் மெஷினில் விழவில்லை. சிஐயில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வரில்) மட்டும் விழுகிறது. பைத்தான், எக்ஸ்டிஸ்ட் (டெஸ்டுகளைப் பல வொர்க்கர் ப்ராசஸ்களில் பிரித்து ஓட்டுவது), போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் கமிட், அதாவது கோடின் சேமித்த நிலை. கருவியையும் அதன் பதிப்பையும் பொறுத்து, ஒரு டெஸ்ட் கூடினாலோ குறைந்தாலோ அதே சீட் வேறு வரிசையைத் தரலாம். சிஐயில் ஓடிய அதே கமிட்டில் நின்று பாருங்கள்.

இரண்டாவது எக்ஸ்டிஸ்ட். சீட் பட்டியலைக் குலுக்குகிறது, ஆனால் எந்த டெஸ்ட் எந்த வொர்க்கருக்குப் போகும் என்பது யார் முதலில் முடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வொர்க்கர் ஓட்டியவற்றை மட்டும் லாகிலிருந்து எடுத்து, அதே வரிசையில் ஒற்றை ப்ராசஸில் ஓட்டுங்கள்.

மூன்றாவது, பலர் மறப்பது: ஹேஷ் சீட். பைத்தான் 3.3 முதல் ஸ்ட்ரிங்குகளின் ஹேஷ் (ஸ்ட்ரிங்கிலிருந்து கணக்கிடும் எண்) ஒவ்வொரு ப்ராசஸிலும் மாறும், அதனால் ஸ்ட்ரிங் செட்டைச் சுற்றிவரும் வரிசையும் மாறும். டெஸ்ட் வரிசைக்கான சீட் இதைத் தொடாது, பைத்தான்ஹேஷ்சீட் என்ற என்விரான்மென்ட் மாறியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். செட்டிலிருந்து பேராமீட்டர் எடுத்தால், வொர்க்கர்கள் வெவ்வேறு பட்டியல் சேகரித்ததாக எக்ஸ்டிஸ்ட் முறையிடுவதும் இதனால்தான்.

நான்காவது போஸ்ட்கிரஸ். புதிதாகச் சேர்த்த பயனரின் ஐடி 1 என்று எங்காவது அசர்ட் எழுதியிருக்கிறீர்களா? டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்தால் வரிகள் போய்விடும், ஐடி எண்களைத் தரும் சீக்வென்ஸ் பின்னால் வராது. முன்னால் நான்கு டெஸ்டுகள் ஆளுக்கொரு பயனரைச் சேர்த்திருந்தால் உங்கள் ஐடி 5. ஒரு காலத்தில் இதே தவறைச் செய்துவிட்டு மூன்று நாள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டவள் நான். ஆர்டர் பை போடாத கொய்ரியில் முதல் வரி இதுதான் என்று நம்புவதும் இதே ஜாதி.

அவசரம்: மேடம், சீட் 42 வைக்கலாமா?

மேலே பாருங்கள்.

துப்பறியும் தம்பி: 500 டெஸ்டுகள் முன்னால் ஓடியிருக்கின்றன. குப்பை போட்டது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாதியாக வெட்டுங்கள். முதல் 250-உடன் விழுகிறதா? இல்லையென்றால் அடுத்த 250. ஒன்பது சுற்றில் ஆள் மாட்டும். ஆர்ஸ்பெக்கில் பைசெக்ட் இதைத் தானே செய்யும். இரண்டு டெஸ்டுகள் சேர்ந்து குப்பை போட்டு, அவை ஆளுக்கொரு பாதியில் இருந்தால் எந்தப் பாதியிலும் விழாது, அப்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். சீட் இல்லாமல் இது எதுவும் நடக்காது. ரீரன் பட்டனுக்கு முன்…

லோடுமேன்: ஜேமீட்டரில் ஆயிரம் யூசர்…

இங்கே இல்லை. லோடு டெஸ்டிங்காரர்களைக் கேளுங்கள்.

பில்டு காவலர்: பிஆர் பில்டில் (மாற்றத்தை மெர்ஜ் செய்யும் முன் ஓடும் சோதனையில்) தினமும் புது சீட் போட்டால், நான் தொடாத டெஸ்ட் விழுந்து என் மெர்ஜ் நிற்கிறது. பிஆருக்கு நிலையான சீட், ராத்திரி பில்டுக்கு மட்டும் குலுக்கல். இதுதான் முறை.

கோபம் நியாயம், முடிவு தப்பு. ராத்திரி பில்டு சிவப்பானால் காலையில் யார் பார்க்கிறார்கள்? ஒரு வாரம் சிவப்பு, அப்புறம் அது சுவரின் நிறமாகிவிடும்.

பில்டு காவலர்: அது டீமின் ஒழுக்கக் குறை. அதற்கு என் மெர்ஜ் பலியா? பிஆர் பில்டு சொல்ல வேண்டியது ‘இந்த மாற்றம் எதையாவது உடைத்ததா’ என்பதை மட்டும்.

நிலையான சீடும் அதை மட்டும் சொல்லாது! பல கருவிகளில் நீங்கள் ஒரு டெஸ்ட் சேர்த்தாலே 42-இன் வரிசையும் புரளலாம். தொடாத டெஸ்ட் அப்போதும் விழலாம்.

ஓரமாக நிற்பவர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கமிட் ஹேஷிலிருந்தே (கமிட்டின் அடையாள எண்ணிலிருந்தே) சீட் எடுத்தால் என்ன? முதல் எட்டு ஹெக்ஸ் எழுத்து, சரியாக 32 பிட்.

அட. எனக்கு இது தோன்றவில்லை. கமிட்டும் சீடும் ஒன்றாகிவிடுகின்றன, குறித்துக்கொள்ளவே தேவையில்லை. ரீரன் அழுத்தினாலும் அதே வரிசைதான், அதனால் வரிசைக் கோளாறை அழுத்தி அழுத்திப் பச்சையாக்க முடியாது. சிஐ தற்காலிக மெர்ஜ் கமிட்டில் ஓட்டினால் மெயின் கிளை நகரும்போது ஹேஷும் மாறும், ஆகவே உங்கள் கிளையின் நுனிக் கமிட்டை எடுங்கள். ஒரு கமிட்டுக்கு ஒரே வரிசைதான் சோதிக்கப்படும், எனவே ராத்திரி பில்டில் புது சீட் இருக்கட்டும். காவலரே, அந்த ஒன்றில் நீங்கள் சொன்னது சரி.

பில்டு காவலர்: ஒப்புக்கொண்டதற்கு நன்றி. விழுந்தால் திருத்துவது யார்?

குப்பை போட்ட டெஸ்டை எழுதியவர். விழுந்த டெஸ்டின் சொந்தக்காரர் அல்ல, நீங்களும் அல்ல. அதுவரை அந்த ஜோடியை இஷ்யூவில் எழுதிவிட்டு, குப்பை போடும் டெஸ்டைத் தனியாக ஒதுக்கி ஓட்டுங்கள், மெர்ஜ் நடக்கட்டும்.

இன்னொரு அவசரம்: சீட் 0 வைக்கலாமா?

கூகுள்டெஸ்டில் 0 கொடுத்தால் கடிகாரத்திலிருந்து சீட் எடுத்துக்கொள்ளும். அங்கே மட்டும் தாராளமாக வையுங்கள்.