இஹ்வான் வழிக் கட்சிகளும் சலஃபிகளும்: கேள்வி பதில்

கேள்வி: முஸ்லிம் சகோதரத்துவ இயக்கமான இஹ்வானின் வழியில் வந்த கட்சிகள், முதல் தலைமுறை முஸ்லிம்களின் வழிக்கே திரும்பச் சொல்லும் சலஃபிகள், இரண்டு தரப்பும் இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தைத்தானே கேட்கிறார்கள்? பிறகென்ன பிணக்கு?

பதில்: இஹ்வான் வழிக் கட்சிகளுக்கு ஆட்சி முக்கியம்; அதற்காகக் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள். சலஃபிகளுக்கு அகீதா, அதாவது நம்பிக்கைக் கோட்பாடு, சரியாக இருக்க வேண்டும். கட்சி கட்டுவதே பித்அத் (மார்க்கத்தில் புகுத்தும் புதுமை) என்று பேசிவந்தவர்கள் அவர்களில் பலர். 2011 அரபு எழுச்சிக்குப் பிறகு அவர்களிலும் சிலர் கட்சி தொடங்கினார்கள். அன்றிலிருந்து இது ஓட்டுச் சண்டையும்கூட.

கேள்வி: எகிப்தில் சலஃபிகளின் நூர் கட்சி இஹ்வான் அதிபர் முர்சியைக் கைவிட்டது துரோகம்தானே?

பதில்: அது இஹ்வான்களின் சொல். கூட்டாளியாக இருந்தால்தானே துரோகம்! 2011-12 நாடாளுமன்றத் தேர்தலில் நூர் அணி கால்பங்குக்கு மேல் ஓட்டு வாங்கியது. 2012 அதிபர் தேர்தலின் முதல் சுற்றிலேயே அது முர்சியை விட்டு, இஹ்வானிலிருந்து நீக்கப்பட்டிருந்த அபுல் ஃபுதூஹை ஆதரித்தது. அரசியல் சாசனம் எழுதும்போது கை கோத்தார்கள். ஷரீஅத்தின் கோட்பாடுகள் எவை என்று விளக்கும் 219ஆம் பிரிவு சலஃபிகள் கேட்டு வாங்கியது. 2013 ஜூலை 3 அன்று ராணுவத் தளபதி சிசி முர்சியை நீக்கி அறிவித்தபோது நூர் பிரதிநிதியும் மேடையில் இருந்தார். அடுத்த ஆண்டுச் சாசனத்தில் 219 போயே போனது, அதற்கும் நூர் ஆதரவு! இயக்கத்தின் பள்ளிவாசல்களும் பிரசாரமும் தப்பினால் போதும் என்று கணக்குப் போட்டார்கள் என்பது என் எண்ணம். 2015 தேர்தலில் கிடைத்தது பத்துச் சொச்சம் இடங்கள்.

கேள்வி: துனீசியாவில் இஹ்வான் வழிக் கட்சியான அந்நஹ்தாவின் தலைவர் கன்னூஷி சலஃபிகளுக்கு இடங்கொடுத்தாரா?

பதில்: கொடுத்தார். 2011இல் விரட்டப்பட்ட சர்வாதிகாரி பென் அலி காலத்தில் அந்நஹ்தாக்காரர்கள் சிறையிலும் வெளிநாட்டிலும் கிடந்தார்கள். அந்த வெற்றிடத்தில் வளர்ந்த சலஃபி இளைஞர்களைப் பேசித் திருத்திவிடலாம் என்று நம்பினார். பொறுமையாக இருங்கள், ராணுவமும் போலீசும் இன்னும் நம் கையில் இல்லை என்று அவர்களிடம் சொன்ன வீடியோ 2012 அக்டோபரில் கசிந்தபோது, மதச்சார்பற்றவர்கள் கொதித்துப்போனார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்டிருந்தது. 2013இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் பெலாயிதும் பிராஹ்மியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்குக் காரணம் என்று சொல்லி, ஆகஸ்டில் அந்நஹ்தா அரசே ஆயுத சலஃபி அமைப்பான அன்சாருஷ் ஷரீஆவைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. ரொம்பத் தாமதம்.

கேள்வி: அப்படியானால் அங்குள்ள சலஃபிகள் எல்லாரும் ஆயுதக்காரர்களா?

பதில்: இல்லை. ஜப்ஹதுல் இஸ்லாஹ் 2012இல் முறைப்படி அனுமதி பெற்ற சலஃபிக் கட்சி. அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு.

கேள்வி: 2016இல் அந்நஹ்தா தஃவாவை (மார்க்கப் பிரசாரத்தை) கட்சியிலிருந்து பிரித்ததே, லாபமா?

பதில்: 'முஸ்லிம் ஜனநாயகவாதிகள்' என்ற பெயர் வெளிநாடுகளில் மரியாதை தேடித் தந்தது. ஆனால் மிம்பரை (பள்ளிவாசல் பிரசங்க மேடையை) விட்டு இறங்கிய கட்சி, அங்கே வேறு யார் ஏறுவார் என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தது.