குளத்துச் சேற்றைப் பாட்டிலில் போட்டு வைத்தால் நுண்ணுயிர்கள் வளருமா? வீடு நாறாதா?

வளரும். முதல் மூன்று வாரம் நாறவும் செய்யும். ஆனால் அந்த நாற்றம் இல்லாவிட்டால், பிறகு நுண்ணுயிர்கள் பாட்டிலில் காட்டும் நிறங்கள் வராது.

நான் தண்டையார்பேட்டைவாசி. சமையலறை ஜன்னலில் இரண்டு பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் ரெட்டேரிச் சேறு, மற்றதில் எண்ணூர் கழிமுகத்துச் சேறு. செர்கெய் வினோகிராத்ஸ்கி என்ற ரஷ்ய நுண்ணுயிரியலாளர் 1880களில், சேற்று நுண்ணுயிர்களை இப்படி வளர்த்துப் பார்க்கக் கண்ட வழி இது. அவர் பெயராலேயே வினோகிராத்ஸ்கி தூண் என்கிறார்கள்.

கல், குச்சியைப் பொறுக்கிவிட்டு, சேற்றை இட்லி மாவு பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சேற்றில் மட்டும் கிழித்த தினத்தாள் ஒரு கைப்பிடி, கந்தகத்துக்காக ஒரு முட்டையின் மஞ்சள் கரு, பொடித்த முட்டை ஓடு கலந்து அடியில் போடுங்கள். மேலே வெறும் சேறு, அதற்கு மேல் இரண்டு விரற்கடை ஏரித் தண்ணீர். மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே வாயு சேரும். நான் இறுக்கி மூடிவிட்டு பத்தாம் நாள் திறந்தேன், சேறு புஸ்ஸென்று பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. "இன்னாடா இது, கூவத்தையே அள்ளிக்கினு வந்துட்டியா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

காற்றில்லாத அடிப்பகுதியில் சில பாக்டீரியாக்கள் காகிதத்தைச் சிதைக்கும். அந்த மிச்சத்தைத் தின்னும் வேறு சில, சேற்றிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்கும். அழுகிய முட்டை வாடை அதுதான். அது சேற்றின் இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். இந்தக் கட்டத்தில்தான் பலர் "கெட்டுப்போச்சு" என்று கொட்டிவிடுகிறார்கள். ரெட்டேரி பாட்டிலில் ஆறாவது வாரம், ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் மட்டும், மிளகளவு ஒரு பீட்ரூட் நிறப் புள்ளி தெரிந்தது. பத்து நாளில் தீப்பெட்டி அகலத்துக்குப் பரவிவிட்டது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. ஊதாக் கந்தக பாக்டீரியா அது. செடியைப் போல வெளிச்சத்தில்தான் வாழும், ஆனால் தண்ணீருக்குப் பதிலாக அந்த நாற்றவாயுவைப் பயன்படுத்தும். ஆக்சிஜன் வெளிவிடாது.

எண்ணூர் பாட்டிலில் முட்டையே போடவில்லை. கடல்நீரில் சல்பேட் தாராளம், லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல். ஒரே வாரத்தில் கறுத்துவிட்டது. அங்கே சேறு அள்ளப் போனால் கையுறை கட்டாயம். சாம்பலும் கழிவும் கலந்த சேறு அது. ரெட்டேரிக்கும் கையுறை போடுவதே நல்லது.

மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள், சித்திரையில் பாட்டில் வெந்துவிடும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள ஜன்னல் போதும். தண்ணீர் வற்றினால் மெட்ரோ வாட்டரை உடனே ஊற்ற வேண்டாம், குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.