மேமியோ வீட்டுத் தோட்டத்துக் காப்பியில் புளிப்பும் மண்வாடையும் ஏன் வருகிறது?

கேள்வி: பர்மாவின் மேமியோவில் (இன்றைய பியின் ஊ ல்வின்) வீட்டுக்குப் பின்னால் 20 அரபிகா செடிகள் இருக்கின்றன. பழத்தைப் பறித்து, தார்ப்பாயில் அப்படியே காயவைத்து, உரலில் இடித்து, வறுத்து டிகாஷன் போட்டால் புளிக்கிறது, மண்வாடையும் அடிக்கிறது. பித்தளை பில்டருக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: பில்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். வறுக்கும்போதும் வடிக்கும்போதும் நல்ல கொட்டையைக் கெடுக்கலாமே தவிர, கெட்ட கொட்டையைத் தேற்ற முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் தார்ப்பாயிலேயே வந்து சேர்ந்தவை.

சந்தேகம் இருந்தால் வறுக்காத கொட்டையில் ஒரு பிடி எடுத்து, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து மோந்து பாருங்கள். பச்சைப் பயறு, காய்ந்த புல் வாடை என்றால் கொட்டையில் கோளாறு இல்லை. காடி வாடையோ பழஞ்சாக்கு வாடையோ வந்தால் அந்தக் கொட்டையை என்ன செய்தும் பயனில்லை. புளிப்பிலும் இரண்டு வகை உண்டு. எலுமிச்சை போல நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று பிடித்து மறைந்தால் வறுவல் இளசு, இன்னும் இரண்டு நிமிடம் வறுத்தால் தீரும். காடி போல தொண்டைவரை இறங்கினால் பழம் ஊறிப் புளித்திருக்கிறது.

முழுப் பழம் காய நல்ல வெயிலிலும் மூன்று, நான்கு வாரம் ஆகும். தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே சர்க்கரைச் சத்துள்ள கொழகொழப்பு இருக்கிறது. தார்ப்பாய் காற்றை விடாது, எனவே மேலே காய்ந்த பழம் அடியில் வியர்த்துக்கொண்டே இருக்கும். மேமியோ 1,070 மீட்டர் உயரம். அறுவடை நடக்கும் டிசம்பர், ஜனவரியில் பகல் வெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், காலைப் பனி முந்தின நாள் காய்ந்ததைத் திரும்ப நனைத்துவிடும். முதலில் ஈஸ்ட் புளிக்க வைக்கிறது, பின்னாலேயே பூஞ்சணம் வருகிறது. மண்வாடை அதனுடையது. பறித்த பழத்தை இரவு முழுக்கச் சாக்கில் கட்டி வைத்திருந்தால் கதை அங்கேயே தொடங்கிவிட்டது. மறுநாள் காலை சாக்குக்குள் கைவிட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.

முழுப் பழமாகக் காயவைப்பதே தவறான முறை என்று எண்ண வேண்டாம். பர்மாவின் தெற்கு ஷான் மாநிலத்தில் யுவாங்கான் பக்கம் அதே முறையில் மிக நல்ல காப்பி வருகிறது. ஆனால் அங்கே உயர்த்திக் கட்டிய தட்டியில் மெல்லிசாகப் பரப்பி, ஓயாமல் கிளறி, கெட்டதைப் பொறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டு வேலையோடு வேலையாகச் செய்பவருக்கு, அதிலும் டிகாஷனுக்கு என்றால், தோலுரித்துக் கழுவும் முறைதான் என் கட்சி. காய்வது 10 முதல் 14 நாளில் முடிந்துவிடும், கெடுவதற்கான அவகாசமே குறைவு.

முழுச் சிவப்பான பழத்தை மட்டும் பறியுங்கள். கிளையை உருவ வேண்டாம், ஒவ்வொன்றாகத் திருகி எடுங்கள். பச்சைக்காய் கலந்தால் துவர்க்கும். 10, 15 நாளுக்கு ஒரு முறை, சீசனுக்கு நான்கைந்து பறிப்பு வரும். செடிக்கு இரண்டரை கிலோ என்று வைத்தால் 20 செடிக்கு 50 கிலோ பழம், அதாவது சுமார் 30 வீசை. (பர்மா வீசை 1.63 கிலோ. தமிழ்நாட்டுப் பழைய வீசை 1.4 கிலோதான். தாத்தா காலத்துக் கணக்கைச் சந்தைக் கணக்கோடு குழப்பாதீர்கள்.) ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். 50 கிலோவிலிருந்து எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், வறுத்தபின் ஏழு கிலோ. நாளைக்கு 60 கிராம் செலவென்றால் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும்.

பறித்த அன்றே பழத்தை வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பது பொக்கு, அல்லது காய்துளைப்பான் வண்டு தின்றது. அள்ளி எறியுங்கள், ஆனால் செடியடியில் போடாதீர்கள், வண்டு திரும்ப ஏறும். கொதிநீர் ஊற்றிப் புதைப்பது நல்லது. பத்துக் கிலோ வரை தோலைக் கையாலேயே பிதுக்கலாம். இல்லையென்றால் வாளியில் போட்டு மர உலக்கையின் மழுங்கிய முனையால் லேசாக அமுக்குங்கள். குத்தக்கூடாது. கொட்டையைச் சுற்றிய வெள்ளை ஓடு உடைந்தால் அடுத்து வரும் ஊறலில் புளிப்பு நேராக உள்ளே போகும்.

தோல் போன கொட்டை வழுவழு என்று இருக்கும். அதை பிளாஸ்டிக் வாளியில், தண்ணீர் சேர்க்காமல் அல்லது மூழ்குமளவு மட்டும் ஊற்றி மூடி வையுங்கள். வெதுவெதுப்பான நாளில் 12 முதல் 24 மணி நேரம் போதும். ஜனவரிக் குளிரில் 36 மணி வரை இழுக்கும். ஆகவே கடிகாரத்தை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் கூழாங்கல் உரசுவது போல நறநறவென்று சத்தம் வர வேண்டும். குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் உடனே கழுவிவிடுங்கள். "ராத்திரியாகிவிட்டது, காலையில் பார்க்கலாம்" என்று விட்டால் காடி வாடை ஏறிவிடும். அளவு கடந்து ஊறிய ஒரு கைப்பிடி போதும், வாளி முழுவதையும் நாறடிக்கும். மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவி, மிதக்கும் கொட்டையை இன்னொரு முறை அள்ளுங்கள். கழுவிய நீர் புளிப்பானது, ஓடையில் விடாதீர்கள், ஒரு குழியில் விடுங்கள். தோலைச் சாணத்தோடு அடுக்கி மக்கவைத்தால் மூன்று நான்கு மாதத்தில் அதே செடிகளுக்கு எரு.

அடுத்தது காயப்போடுவது. இதில்தான் கஞ்சத்தனம் கூடாது. இடுப்பளவு உயரத்தில் நான்கு மூங்கில் கால், மேலே பிளந்த மூங்கில் தட்டி, அதன்மேல் கொசுவலை அல்லது நிழல்வலை. அடியிலிருந்தும் காற்று வர வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். கொட்டையை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு முறை கிளறுங்கள். மூன்றாம் நாளிலிருந்து உச்சி வெயிலில், பதினொன்றரை முதல் இரண்டு மணி வரை, நிழல்வலை போட்டு மூடுங்கள். அவசரமாகக் காய்ந்தால் ஓடு வெடித்துவிடும், உள்ளே ஈரம் நின்றுவிடும். சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்துத் துணி போட்டு, அதன்மேல் தார்ப்பாய் மூடுங்கள் (தார்ப்பாய்க்கு உண்டான இடம் அதுதான்). காலையில் பனி விலகியபின் மட்டும் திறவுங்கள்.

போதுமான அளவு காய்ந்ததா என்பதற்கு மீட்டர் வேண்டாம், தராசு போதும். கழுவி நீர் சொட்டுவது நின்றதும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். அதில் ஏறக்குறைய பாதி எடைக்கு இறங்கியதும் ஈரம் 11, 12 சதவீதத்துக்கு வந்திருக்கும். ஓட்டை உரித்துக் கடித்தும் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் இரண்டு நாள். கெட்டியாக, பல் தடம் விழாமல் இருந்தால் சரி. பொடிந்து சிதறினால் அளவு மீறிவிட்டது. பூஞ்சணம் கண்ட கொட்டையை "வறுத்தால் செத்துவிடும்" என்று சேர்க்காதீர்கள். பூஞ்சணம் சாகும், அது விட்டுச்சென்ற நச்சு முழுக்கப் போகாது.

ஓட்டோடு சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் ஒரு மாதம் வையுங்கள். வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் உரலில் இடித்து முறத்தில் புடைத்துக்கொள்ளலாம். ஓடு இருக்கும்வரை கொட்டை பத்திரம்.

வறுக்க இரும்புச் சட்டியும் கரியடுப்பும் போதும், மின்சாரம் வருவதும் போவதும் இதைப் பாதிக்காது. ஒரு ஈடுக்கு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள், அடியில் கருகி மேலே வேகாமல் கிடக்கும். கை நிற்காமல் கிளற வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் மஞ்சளாகி வைக்கோல் வாடை வரும், பிறகு பழுப்பு. ஒன்பது, பத்து நிமிடத்தில் சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். அது அடங்கி, இன்னும் மெல்லிய சடசடப்பு தொடங்கும் தறுவாயில் இறக்குங்கள், டிகாஷனுக்கு அந்தப் பக்குவம்தான் சரி. சட்டியிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கருகும், எனவே உடனே இரண்டு சல்லடைக்கு மாற்றி மாற்றிக் கொட்டி விசிறுங்கள். உமியும் பறந்துவிடும். ஒரு நாள் மூடாமல் ஆறவிட்டு அரையுங்கள். அன்றே அரைத்தால் உள்ளிருக்கும் வாயு நுரைத்து, தண்ணீரைத் தூளில் இறங்கவிடாது.

தூள் ரவையைவிட நைசாக, மைதாவைவிடக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். 30 கிராம் தூளுக்கு 180 மில்லி நீர். கொதி அடங்கியதும் முதலில் தூள் நனையும் அளவு ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை விடுங்கள். 15, 20 நிமிடத்தில் 120 மில்லி டிகாஷன் இறங்கும், நான்கு சிறிய டம்ளர் காப்பிக்குக் காணும். ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் தூள் பெரிது. சிக்கரி கலக்காத தூளில் இது அடிக்கடி நடக்கும், அரைப்பை ஒரு படி நைசாக்குங்கள். ஒரு மணி நேரமாகியும் சொட்டினால் தூள் மாவாகியிருக்கிறது அல்லது அழுத்தம் அதிகம்.

புதுப்பால் கிடைக்காத நாளில் டீக்கடைக்காரர்கள் போல டின்பால் ஊற்றுகிறீர்களா? அப்போது 30 கிராம் தூளுக்கு 150 மில்லி நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள். டிகாஷன் இளசாக இருந்தால் டின்பாலின் இனிப்பில் காப்பி இருக்கும் இடமே தெரியாது.