லாட்ஜ்போல் பைன் காய் திறக்கவில்லையா?

வட அமெரிக்க ஊசியிலை மரமான லாட்ஜ்போல் பைனின் காயை, கனடாவின் கால்கரியில் ஆறு மாதம் ஜன்னலோரம் வைத்தும் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காய் கெட்டுப்போகவில்லை, அதற்குச் சூடுதான் வேண்டும். அது திறக்காததற்குக் காரணம், காயின் செதில்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பிசினாக இருக்கும். 45 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் அது இளகும். காட்டுத்தீ போன பிறகு, வெயில் தாராளமாக விழும் வெற்று மண்ணில் விதை விழுந்தால்தான் நன்றாகப் பிழைக்கும், அதனால் மரம் பல வருடம் காயைப் பூட்டியே வைத்திருக்கும். 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காடு எரிந்தபின் கருகிய மரங்களுக்கடியில் இப்படித்தான் நாற்றுகள் நெருக்கமாக முளைத்தன.

செதில் இடுக்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிசின் பளபளத்தால், கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, அப்புறம் வெதுவெதுப்பான இடத்தில் உலரவிடுங்கள்.

தீயில் நேராகக் காட்டாதீர்கள், விதை செத்துவிடும். செதில்கள் முன்பே விரிந்திருந்தால் விதை உதிர்ந்திருக்கும். இளமரங்களில் சூடில்லாமலே திறக்கும் காய்களும் உண்டு.